அல்பெர்கேரியாவின் பிள்ளைகளும் அவர்களது சிநேகிதங்களும்

"எங்கட பிள்ளையளுக்கு இஞ்ச என்ன குறை?"

புகலிடத்துத் தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டிராதவர்கள் இருக்க முடியாது. உண்மையில் இது கேள்வியல்ல, பதில். இங்கே செல் விழுவதில்லை. பங்கருக்குள் ஓடவேண்டியதில்லை. மூன்று வேளையும் சாப்பாடு, காலுக்குச் சப்பாத்து, குளிருக்குக் கம்பளி எல்லாம் இருக்கிறது. ஆகவே கவலைப்படுவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்க முடியாது என்று நாம் முடிவு செய்துவிட்டோம். கவலை என்பது பெரியவர்களின் சொத்து. சீட்டுக்காசும் வட்டியும் வதிவிட அனுமதியும் ஊரிலிருந்து வரும் ரெலிபோன் அழைப்பும் சேர்ந்து செய்த சொத்து. பிள்ளைகளுக்கு அதில் பங்கு கொடுக்க நாம் தயாரில்லை.

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், அல்பெர்கேரியா என்னும் பழைய குடியிருப்பில், முப்பது வருடங்களுக்கு மேலாக வாழ்ந்து வருகிறேன். வீடுகள் துடைப்பதுதான் தொழில். சனிக்கிழமைகளில் எம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததும், மொழி பிடிபடாத தாய்மாருக்காகப் பாடசாலைக்கும் வைத்தியரிடமும் போய் மொழிபெயர்த்ததும் தொழிலுக்கு வெளியே செய்தவை. அந்த வகையில் பல பிள்ளைகளின் மனத்துயரைக் கிட்ட இருந்து காண நேர்ந்தது. அவற்றில் இரண்டை மட்டும் இங்கு எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகள் இன்று பெரியவர்கள். எழுதலாமா என்று கேட்டபோது இருவருமே சம்மதித்தார்கள். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

*

பலெர்மோவின் பழைய நகரம் நான்கு பகுதிகளாகப் பிரிந்தது. அதில் ஒன்று அல்பெர்கேரியா. ஒரு பக்கம் நோர்மன் அரசர்களின் மாளிகை, மறுபக்கம் மக்கேதா வீதி, நடுவில் பல்லரோ சந்தை. பல்லரோவுக்குள் நுழைந்தால் முதலில் காதுதான் நிறையும். மீன்காரனும் மரக்கறிக்காரனும் பாட்டாக இழுத்துக் கூவுவார்கள். திருநெல்வேலிச் சந்தையில் வளர்ந்த எங்களுக்கு அது அந்நியமாக இருக்கவில்லை. கடலைமாவில் செய்து எண்ணெயில் பொரிக்கும் பனெல்லேயை முதன்முதல் வாயில் வைத்தபோது, ஊர்த் தேநீர்க்கடை வாசலில் நிற்பது போலத்தான் இருந்தது.

இன்னுமொரு விடயமும் எங்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. 1943 இல் நேச நாடுகளின் விமானங்கள் பலெர்மோவில் குண்டு போட்டன. பழைய நகரத்தில் இடிந்த வீடுகள் பல, கட்டுவாரின்றி அரை நூற்றாண்டு கடந்தும் அப்படியே கிடந்தன. வசதியுள்ளவர்கள் வடக்கே புதிய மாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். போக வழியில்லாத ஏழைச் சிசிலியர்களும், வாடகை மலிவென்று வந்த நாங்களும் அங்கே ஒன்றானோம். கானா, துனீசியா, மொரீசியஸ், பங்களாதேஷ் என்று பின்னர் பலரும் வந்து சேர்ந்தார்கள். கூரையில்லாத சுவர், ஜன்னல் வழியாகத் தெரியும் வானம், முற்றத்தில் முளைத்த அத்திமரம்... யாழ்ப்பாணத்துக் குண்டுவீச்சிலிருந்து தப்பி வந்த பிள்ளைகள் ஐரோப்பியக் குண்டுவீச்சின் இடிபாடுகளுக்குள் ஒளித்துப்பிடித்து விளையாடினார்கள்.

அக்காலத்தில் எம்மவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டு வேலை. முதலாளி வீட்டிலேயே தங்கிச் செய்வதை 'ஃபிஸ்ஸோ' என்பார்கள். ஃபிஸ்ஸோ செய்யும் பெண்ணுக்குச் சிறிய அறை ஒன்று கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும். பிள்ளையை வைத்திருக்க இடம் கிடைக்காது. லிபெர்த்தா வீதியில் வசதியான வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை இழுத்துப் பாடசாலைக்குக் கூட்டிப்போகும் பெண்ணின் சொந்தப் பிள்ளை, அளவெட்டியிலோ பாசையூரிலோ அம்மம்மாவின் மடியில் வளர்ந்தது. 1986 இலும் 1990 இலும் வந்த சட்டங்களால் பலருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. அதன் பிறகுதான் குடும்பத்தைக் கூப்பிடும் வழி திறந்தது. திறந்தாலும் வீடு பார்த்து, பத்திரம் எடுத்து, பயணக்காசு சேர்த்து முடிக்க மேலும் நான்கைந்து வருடங்கள் போயின.

பிள்ளை வந்து இறங்கும் நாளைப் பற்றித் தாய்மார் பல வருடங்கள் கனவு கண்டிருப்பார்கள். கனவில் வரும் பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடிக்கும். விமான நிலையத்துக்கு வரும் பிள்ளை, தன்னைக் கூட்டிவந்தவரின் பின்னால் ஒளியும்.

*

முதலாவது பிள்ளை 1997 தை மாதம் வந்தாள். வயது ஒன்பது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்த அந்த இரவில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். தென்மராட்சி, கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு என்று பதினைந்து மாதங்கள். அம்மம்மா கிளிநொச்சியிலேயே நின்றுவிட்டார். பிள்ளையை யாரோ உறவினர் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். தாயைக் கடைசியாகக் கண்டது இரண்டு வயதில். படத்திலும் ரெலிபோனிலும் மட்டுமே அறிந்த தாய்.

வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு தாய் என்னிடம் வந்து அழுதாள். "அக்கா, அவள் என்னை அன்ரி எண்டு கூப்பிடுறாள்."

அதன்பின் அந்தக் கூப்பிடுதலும் நின்றுவிட்டது. வீட்டில் ஓம், இல்லை, பசிக்கேல்லை. பாடசாலையில் அதுகூட இல்லை. மாதக்கணக்காக வாயே திறக்கவில்லை. காலையில் வயிற்றுக்குத்து, பின்னேரம் தலையிடி. குடும்ப வைத்தியர் இரத்தம் சோதித்தார், ஒன்றுமில்லை என்றார். பாடசாலையில் கூப்பிட்டுப் பிள்ளைக்குக் காது கேட்குமா என்று கேட்டார்கள். காது கேட்கும் என்றதும், அப்படியானால் புத்தியில் ஏதும் குறை இருக்குமோ, பரிசோதித்து உதவி ஆசிரியர் ஒருவரைப் போடலாமா என்றார்கள். இத்தாலியில் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குறைபாடுள்ள பிள்ளைகளைத் தனி வகுப்பில் ஒதுக்குவதில்லை. அதே வகுப்பிலேயே உதவி ஆசிரியர் வந்து உட்காருவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பிள்ளைக்குப் புத்தியில் என்ன குறை? ஒன்பது வருடங்களில் இரண்டு தாய்மாரை இழந்தவளுக்குப் பேச்சு வரவில்லை என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய பரிசோதனை தேவையா?

வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது, பல்லரோவில் ஒலிவ் காயும் உப்புக் கப்பரும் விற்கும் குடும்பத்துப் பெட்டை. சத்தக்காரி. ஆசிரியர்கள் அவளைத் தண்டனையாகவே முன்வரிசையில், எங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள். பெயர் கூப்பிடும்போது எங்கள் பிள்ளைக்கும் சேர்த்து அவளே "இருக்கிறாள்" என்பாள். பாடசாலை விட்டதும் இருவரும் கடையின் பின்னால் ஒலிவ் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பிள்ளை நசிந்த காய்களைத் தெரிந்து எடுத்துப் போடுவாள்.

தாய்க்கு இது பிடிக்கவில்லை. "அந்தச் சந்தைப் பெட்டையோட என்ன சேர்க்கை? ஊத்தைக் கதையள் பழகுவாள்" என்றாள். எம்மவர் பலரும் அப்படித்தான். தாம் துடைக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகளோடு தம் பிள்ளைகள் சேரவேண்டும், தாம் குடியிருக்கும் தெருப் பிள்ளைகளோடு சேரக்கூடாது. ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை சாதி பார்த்த கண்ணை விமானத்தில் ஏறும்போது யாரும் பறித்து வைப்பதில்லை. தாய்மாரின் பயத்துக்கு நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1996 இல் இதே அல்பெர்கேரியாவில் சிறு பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கப்பட்டது அம்பலமானது. சாந்தா கியாராவில் சலேசியன் குருமாரின் சிறுவர் நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த அருட்தந்தை பல்தசாரே மெலிதான் அதை வெளியே சொன்னவர். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிட்ட நிலையம் அது. ஆனால் அந்த விடயத்தில் ஆபத்து வந்தது பெரியவர்களிடமிருந்து. ஒலிவ் கடைப் பெட்டையிடமிருந்து அல்ல.

வைகாசி மாதம் ஒருநாள், மணி அடித்ததும் எங்கள் பிள்ளை எழுந்து, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து வகுப்பே கேட்க, "அமுனீ" என்றாள். பலெர்மோக் கொச்சையில் 'வா போவம்' என்று பொருள். பாடசாலையில் அவள் வாயிலிருந்து எல்லோரும் கேட்ட முதற்சொல் அது. ஆசிரியை உடனே, அப்படிச் சொல்லக்கூடாது, 'அந்தியாமோ' என்பதுதான் சரியான இத்தாலியன் என்று திருத்தினாராம்!

எனக்குத் தெரிய வராத ஒரு விடயத்தை, வளர்ந்து பெரியவளான பின் அவளே சொன்னாள். அமுனீ தனது முதற்சொல் இல்லை என்றாள். அதற்கு முன்பே, மாதக்கணக்காக, ஒலிவ் வாளிகளுக்குப் பின்னால் அவள் தமிழில் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மம்மாவைப் பற்றி, வீட்டில் கட்டி வைத்துவிட்டு வந்த நாயைப் பற்றி, நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிபட்டதைப் பற்றி. மற்றவள் ஒலிவ் காயைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாளாம். பிறகு அவள் தன் பாஷையில் தன் கதையைச் சொல்வாளாம். அவளுடைய தகப்பன் மிலானில் வேலை செய்வதாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தது. உண்மையில் அவர் உச்சார்தோனே சிறையில் இருந்தார்.

"அவளுக்கு ஒண்டுமே விளங்கியிருக்காதே" என்றேன்.

"விளங்காதபடியாத்தான் அன்ரி சொல்ல முடிஞ்சது. அம்மாவுக்குச் சொன்னால் அம்மா அழுவா."

*

அவள் சொன்ன இந்த வசனத்தைப் பற்றிப் பல நாட்கள் யோசித்திருக்கிறேன். பிள்ளைகள் தம் துயரத்தை எம்மிடம் மறைப்பது எம்மில் அன்பில்லாமல் அல்ல. எமது சுமையைத் தினமும் பார்ப்பதால்தான். தாய் இரவில் ரெலிபோனை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுவதைப் பிள்ளை படுக்கையில் இருந்து கேட்கிறது. தன் கவலையையும் அதன்மேல் வைத்தால் வீடு தாங்காது என்று அது கணக்குப் பார்க்கிறது. தாங்கக்கூடிய ஒரு ஆளைத் தேடுகிறது. அந்த ஆள் பெரும்பாலும் இன்னொரு பிள்ளையாகத்தான் இருக்கிறது.

இது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. 1945 இல் தெரேசியன்ஸ்ராட் நாசி முகாமிலிருந்து மீட்கப்பட்ட ஆறு யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் மூன்று வயதளவு. பெற்றோர் கொல்லப்பட்டவர்கள். சசெக்சில் ஒரு கிராமத்து வீட்டில் ஒரு வருடம் வைத்துப் பராமரித்தார்கள். அந்தக் குழந்தைகளைப் பற்றி அன்னா ஃபிராய்டும், அவர்களைப் பராமரித்த சோஃபி டானும் 1951 இல் எழுதிய கட்டுரை உளவியல் படிப்பவர்கள் மத்தியில் மிகவும் பிரசித்தமானது. குழந்தைகள் வந்த புதிதில் விளையாட்டுப் பொருட்களை உடைத்தார்கள், பெரியவர்களுக்கு அடித்தார்கள், கடித்தார்கள். ஆனால் ஒருவரையொருவர் ஒரு நிமிடமும் பிரிய விடவில்லை. சாப்பாடு வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்த பிறகே தாம் சாப்பிட்டார்கள். ஒருநாள் கேக் முடிந்துபோய் ஒருவன் அழுதபோது இரண்டு சிறுமிகள் தங்கள் துண்டில் மிஞ்சியதை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் சாப்பிடும்வரை தடவிக்கொண்டிருந்தார்கள். தாய் தகப்பனே இல்லாத இடத்தில் அந்தக் குழந்தைகள் ஒன்றுக்கொன்று தாயும் தகப்பனுமாக இருந்து மனத்தைக் காப்பாற்றிக்கொண்டன. 'சின்னப் பிள்ளையளின்ர சிநேகிதம்தானே' என்று நாம் இலேசாகச் சொல்லும் விடயம் இவ்வளவு பாரத்தைத் தாங்கியிருக்கிறது.

மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும் இதையே காணலாம். யேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் அதன் ஆரம்பகர்த்தாக்கள். போரில் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே தோட்டத்துக்குக் கொண்டுவந்து, களிமண்ணும் நிறங்களும் கொடுத்து, சேர்ந்து விளையாட விட்டார்கள். பெரியவர்கள் ஒருவர் ஊரை ஒருவர் எரித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பிள்ளைகள் சேர்ந்து பொம்மை செய்தார்கள்.

*

இரண்டாவது பிள்ளையின் கதை கொஞ்சம் வேறு. சிநேகிதம் தாங்க முடியாத பாரமும் இருக்கிறது என்பதை அதில்தான் கண்டேன்.

அவன் 1988 இல் பலெர்மோவிலேயே பிறந்தவன். ஊரைப் படத்தில் மட்டும் கண்டவன். 1992 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்தாலும் பதினெட்டு வயதுவரை இடையறாது வாழ்ந்த பின்புதான் இத்தாலியன் ஆவதற்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை பொலிஸ் தலைமையகத்தில் வரிசை. வரிசையில் நிற்கும் நாளில் பாடசாலை இல்லை. மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்கும் வகுப்புத் தோழர்களுக்கு ஒவ்வொரு முறையும் காய்ச்சல் என்றுதான் சொல்வானாம். வீட்டில் எல்லாக் கடிதத்துக்கும் எல்லா அலுவலகத்துக்கும் அவனே மொழிபெயர்ப்பாளன். தகப்பனின் கடன் எவ்வளவு என்று பத்து வயதிலேயே தெரியும், ஏனென்றால் வங்கியில் அதைத் தமிழில் சொன்னவன் அவன்தான். தகப்பன் பகலில் வீட்டு வேலை, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. "நீ டொக்ரரா வந்தால் காணும்" என்பார்.

2004 ஆனி மாதம், பாடசாலைச் சுவரில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயருக்கு நேரே சித்தியடையவில்லை என்றிருந்தது. இத்தாலியில் சித்தியடையாதவர் அதே வகுப்பைத் திரும்பப் படிக்கவேண்டும். கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள். ஐந்து வருடம் ஒரே வாங்கில் இருக்கும் முறையில், வகுப்பை இழப்பதென்றால் ஒரேயடியாக எல்லாச் சிநேகிதரையும் இழப்பதுதான்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கோடை முழுவதும் வெளியே வரவில்லை. சாப்பாடு குறைந்தது, நித்திரை தலைகீழானது. தாய் கோயிலில் நூல் கட்டினாள். பிறகு மொந்தே பெல்லெகிரினோ மலையில் ஏறி சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்தாள். 1624 இல் கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காப்பாற்றியதாகப் பலெர்மோ மக்கள் நம்பும் அந்தப் புனிதையிடம், சைவர் கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் எம்மவர் வெறுங்காலுடன் மலையேறுவது இவ்வூரில் எல்லோரும் அறிந்தது. தாயின் நேர்த்தியை நான் பரிகசிக்கவில்லை. அந்த மலையில் அவள் அழ முடிந்தது. வீட்டில் அதற்கும் இடமிருக்கவில்லை.

அவனோடு சிறு வயதிலிருந்து பந்தடித்த ஒரு பொடியன் இருந்தான். கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவன். தினமும் பின்னேரம் வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிடுவான். மேலேயிருந்து பதில் வராது. அரைமணி நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். சில நாட்களில் மேலே போக விடுவான், இருவரும் கதைப்பார்கள்.

புரட்டாதி மாதம் ஒரு இரவு அந்தக் கானாப் பொடியன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். அவனுக்கு வயது பதினாறு. மூச்சு வாங்க நின்றான்.

"சிஞ்ஞோரா, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன்."

உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். நெடுநேரம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். தன் சிநேகிதன் இனி இருக்க விரும்பவில்லை என்று சொல்கிறான், மூன்று கிழமையாகச் சொல்கிறான், இன்றைக்குத் தன்னுடைய பந்துக் காலணிகளை எடுத்துத் தனக்குத் தந்துவிட்டான். மூன்று கிழமையாகத் தான் நித்திரை கொள்ளவில்லை என்றான். இரவில் எழும்பி அந்த ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வீதிக்குப் போய் வருகிறானாம்.

பதினாறு வயதுப் பிள்ளை, இன்னொரு பிள்ளையின் உயிரைத் தன்னந்தனியாகக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

அவனை அழைத்துக்கொண்டு அந்த இரவே போனோம். தகப்பனுக்கு முதலில் வந்தது கோபம். "வீட்டு விசயம் வெளியாக்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். ஒரு கறுப்புப் பொடியன் வந்து தன் மகனைப் பற்றித் தனக்குச் சொல்வதா என்பதும் அந்தக் கோபத்தில் இருந்தது. நான் விடயத்தைச் சொன்னேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். பிறகு எழுந்து மகனின் அறைக்குள் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். அன்றிரவு உணவகத்துக்கு வேலைக்குப் போகவில்லை. பத்து வருடத்தில் முதற்தடவை.

மறுநாள் அரசாங்கச் சுகாதார சேவையில் பிள்ளைகளுக்கான மனநல வைத்தியரிடம் போனோம். தாய் பயந்தாள். எங்கள் நாட்டில் 'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரே வசையாகிவிட்டது அல்லவா? இத்தாலியில் 1978 இல் ஃபிராங்கோ பசாலியாவின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்து, மனநோயாளரைப் பூட்டி வைக்கும் ஆஸ்பத்திரிகளை மூடும் வழியைத் திறந்தது. பிள்ளையைப் பிடித்து அடைக்க மாட்டார்கள், கதைப்பார்கள், தேவைப்பட்டால் மருந்து தருவார்கள் என்று விளங்கப்படுத்தினேன். வைத்தியர் ஒரு பெண். அவர் கேட்ட முதற்கேள்வியே நேரானது: "சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?" தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று எம்மவர் நம்புகிறார்கள். அப்படி வருவதில்லை. நேராகக் கேட்பது பிள்ளையின் நெஞ்சில் இருக்கும் கல்லை இறக்க உதவும் என்பதை அனுபவமுள்ள வைத்தியர்கள் எல்லோரும் அறிவார்கள். அவன் "ஓம்" என்றான். பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தான். அம்மா அப்பாவுக்குத் தன்னை மொழிபெயர்க்கச் சொல்லக்கூடாது என்றான். ஒன்றரை வருடம் நானே போய் மொழிபெயர்த்தேன்.

அவன் தேறினான். ஆனால் கானாச் சிநேகிதனோடு நான்கு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சத்தியத்தை மீறியவன் என்ற கோபம். அந்தப் பொடியன் அதையும் பொறுத்துக்கொண்டான். "செத்த சிநேகிதனை விடக் கோபமான சிநேகிதன் நல்லது" என்று அவனுடைய தாய் சொன்னாளாம். மாசி மாதம் ஒருநாள் இருவரும் பியாற்சாவில் பந்தடித்ததைக் கண்டேன். இன்றும் சிநேகிதர்கள்தான். ஆனால் அதன்பின் அவன் தன் இரகசியம் எதையும் தனக்குச் சொன்னதில்லை என்று கானாப் பொடியன் ஒருமுறை வருத்தத்தோடு சொன்னான். உயிரைக் காப்பாற்றியதற்கு அவன் கொடுத்த விலை அது. கொடுத்திருக்க வேண்டிய விலைதான்.

*

எமது சமூகம் தற்கொலையை அறியாத சமூகமல்ல. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்று இலங்கையினுடையது. போர்ச்சாவுக்குக் கணக்கு வைத்தோம், நினைவு கூர்ந்தோம். இந்தச் சாவுகளை 'வயித்துக்குத்தாம்', 'காய்ச்சலாம்' என்று மூடினோம். யாழ்ப்பாணத்தில் போர் நடுவே இருந்து மக்களின் மனக்காயங்களுக்கு வைத்தியம் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998 இல் வந்த தமது 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூலில் அந்தக் காயங்களைப் பதிவு செய்திருக்கிறார். எம் மக்கள் மனத்துயரை மனத்துயராகச் சொல்வது குறைவு. உடம்பு உழைவு, தலையிடி, பெருமூச்சு என்றுதான் வைத்தியரிடம் வருவார்கள் என்பதும் அவர் எடுத்துக்காட்டியதே. காலையில் வயிற்றுக்குத்து என்று சொல்லும் பிள்ளை எம்முடைய இந்த மொழியைத்தான் பேசுகிறது. நாங்கள் கற்பித்த மொழி. ஆனால் பிள்ளை பேசும்போது எமக்கு அது விளங்குவதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு விடயத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். சிநேகிதனின் காதல், வீட்டுச் சண்டை, பரீட்சைப் பொய் இவையெல்லாம் இரகசியமாக இருக்கட்டும். சாவைப் பற்றிய பேச்சு இரகசியம் அல்ல. அதைக் கேட்டவர் தனியே சுமக்கக்கூடாது, நம்பக்கூடிய ஒரு பெரியவரிடம் கொண்டுபோக வேண்டும். பெரியவர் யாரும் கிடைக்காவிட்டால், இத்தாலியில் 1987 இல் தொடங்கப்பட்ட 'தெலேஃபொனோ அட்சூர்ரோ' என்ற சிறுவர் தொலைபேசிச் சேவை 19696 இலக்கத்தில் இருக்கிறது. மற்ற நாடுகளிலும் இதுபோன்ற சேவைகள் உண்டு. அந்த இலக்கத்தைத் தேடி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பதால் வீட்டுக்கு மரியாதை குறைந்துவிடாது.

அந்தப் பெரியவர் நாமாக இருக்கவேண்டுமானால், பிள்ளை கொண்டுவரும் செய்தியைக் கேட்டதும் 'வெளியாக்களுக்கு எப்பிடித் தெரியும்' என்று தொடங்காமல் இருக்கவேண்டும்.

*

முதலாவது பிள்ளையின் குடும்பம் 2005 இல் லண்டனுக்குப் போய்விட்டது. இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் பலெர்மோத் தமிழர் பலர் அப்படித்தான் போனார்கள். ஆங்கிலப் படிப்பு, கோயில், உறவினர், வேலை என்று காரணங்கள் நியாயமானவை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும்வரை இந்தப் பயணம் ஓயவில்லை. பயணப் பொதிகளை நிறுத்துப் பார்த்தோம். பிள்ளைகள் எதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. பதினேழு வயதில் மறுபடியும் ஒரு நாடு, மறுபடியும் ஒரு மொழி. லண்டனில் முதல் ஆறு மாதமும் வகுப்பில் தான் பேசவில்லை என்றாள். இம்முறை யாரும் காதைச் சோதிக்கவில்லை, கவனிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் அட்டை வாங்கி ஒலிவ் கடைப் பெட்டையோடு கதைப்பாளாம். அந்த அட்டைக்காசு வீண்செலவென்று வீட்டில் சண்டை நடக்குமாம்.

அவள் இன்று தாதியாக வேலை செய்கிறாள். அவளுக்கும் தாய்க்கும் இடையே ஒரு சுமுகம் வந்திருக்கிறது. 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள், ஆனால் அந்தச் சொல் நாக்கில் வரப் பத்து வருடம் எடுத்தது என்று அவளே சொல்வாள்.

பலெர்மோவில் எம்மவர் தொகை முன்பு போல இல்லை. பல்லரோவுக்கு உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், பழைய வீடுகள் விடுதிகளாகின்றன. இடிபாடுகள் குறைந்துவிட்டன. வெண்டிக்காயும் பாகற்காயும் இப்போது பங்களாதேஷ்காரரின் கடைகளில் வாங்குகிறோம். பிள்ளைகளுக்கென்று 'லே பலாத்தே' என்ற நூலகம் ஒன்றும் இப்பகுதியில் இருக்கிறது. பாடசாலைகள் மட்டும் அதே பாடசாலைகள். இவ்வருடமும் ஒரு வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஒன்று இருக்கும், தாய் நாடு எதுவாயினும்.

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ எங்கிருந்தாலும் இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். பிள்ளையின் புள்ளி எங்களுக்குத் தெரியும், ரியூசன் நேரம் தெரியும், பரதநாட்டிய அரங்கேற்றத் திகதி தெரியும். பிள்ளையின் சிநேகிதரின் பெயர் தெரியுமா? அந்தச் சிநேகிதர் ஒருநாளாவது எங்கள் வீட்டில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறாரா? என்ன நிறம், என்ன சமயம், தகப்பன் என்ன தொழில் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எம்மிடம் சொல்ல முடியாததை எம் பிள்ளை சொல்லியிருப்பது அந்த ஆளிடம்தான். அவசரமான ஒரு இரவில் எம் கதவைத் தட்டவேண்டியவரும் அவரே. தட்டலாம் என்ற துணிவு அவருக்கு முன்கூட்டியே இருக்கவேண்டும்.